'எண்ணெய் – தேவையான அளவு' என்று இனி அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் எடைக் குறைப்பு அட்டவணையும் சமையல் குறிப்பும் பெரும்பாலும் அடுத்தடுத்த பக்கங்களில் வருகின்றன. அட்டவணையில் 'தவிர்க்க வேண்டியவை' என்று நீண்ட பட்டியல்: சோறு, இட்லி, தேங்காய், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், புரோட்டா. பக்கத்தைத் திருப்பினால் குருமா செய்முறை. அதில் 'எண்ணெய் – தேவையான அளவு' என்று ஒரு வரி. எதை விட வேண்டும் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லத்தான் ஆள் குறைவு. மதுரையில் உணவு ஆலோசனை தரும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் அந்த 'எவ்வளவு' பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் '30 நாளில் 10 கிலோ' என்ற கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். பத்து கிலோவுக்கு 77,000. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 2,566 கலோரி. வீட்டு வேலையும் கொஞ்சம் நடையுமாக இருக்கும் ஒரு பெண்ணின் முழு நாள் தேவையே 1,700 முதல் 2,000 கலோரிதான். வெறும் தண்ணீரைக் குடித்துக் கிடந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. ஆனால் முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கத்தான் செய்கிறது. இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் உடம்பு இருப்பு வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் அந்த இருப்பு தீர்ந்து தண்ணீரும் வெளியேறும். மறுபடி இரண்டு நாள் சோறு சாப்பிட்டால் இரண்டும் திரும்பி வரும். 'என் உடம்பு வாகு அப்படி, தண்ணி குடிச்சாலும் ஏறுது' என்று பலர் மனம் நொந்து கைவிடுவது இந்த இடத்தில்தான். வேகமாக இறக்குவதால் வேறு சங்கடங்களும் உண்டு. தசை கரையும், பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடும், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொத்தாக உதிரும். முடி உதிரும் நேரத்தில் அந்தப் பழைய பட்டினி யாருக்கும் நினைவிருக்காது. ஷாம்பூவின் மேல் பழி போகும்.

தடைப் பட்டியல் தோற்பதற்கு இன்னொரு காரணம் நம் ஊர் வாழ்க்கை. ஒரு மாதத்துக்குள் ஒரு காதுகுத்து, ஒரு வசந்த விழா, குலசாமிக்குக் கிடா வெட்டு, ஊரிலிருந்து வரும் சொந்தம் என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். பந்தியில் உட்கார்ந்து இலையில் ஒரு துண்டு கறி விழுந்ததும், 'கெட்டது கெட்டுப்போச்சு, இன்னைக்கு நல்லா சாப்பிட்டுட்டு அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி ஆரம்பிச்சுக்கலாம்' என்று மனம் சொல்லிவிடும். அந்த ஒரு துண்டுக் கறியால் கெடுதல் இல்லை. அதற்குப் பிறகு வரும் இருபது நாள்தான் கெடுதல். 'தொட்டால் போச்சு' என்று விறைப்பாக இருப்பவர்களைவிட, அளவோடு வளைந்து கொடுப்பவர்களுக்கே எடை நீடித்துக் கட்டுக்குள் இருக்கிறது என்பதை உணவுப் பழக்க ஆய்வுகள் 1990-களிலிருந்தே காட்டி வருகின்றன. கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்ற சண்டையும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 609 பேர் ஓராண்டுக்கு இரு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. இரு அணியிலும் நிறைய இறங்கியவர்களும் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். எந்த முறையில் கடைசிவரை நிற்க முடிகிறதோ அதுதான் அவரவருக்கு ஏற்ற முறை. மதுரைக்காரர் கடைசிவரை நிற்கக்கூடிய சாப்பாட்டில் சோறும் இருக்கும், சால்னாவும் இருக்கும்.

யார் குறைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் உடல்நிறை எண் வரும். நம் நாட்டவருக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 60 கிலோவிலேயே 25 வந்துவிடும். அதைவிட இடுப்புச் சுற்றளவு நம்பகமானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு பார்க்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 37 சதவீதத்தினருக்கும் உடல்நிறை எண் 25-ஐத் தாண்டியிருந்தது. அதற்கு முந்தைய 2015–16 கணக்கெடுப்பில் இது 30.9, 28.2 என்று இருந்தது. இது ஒருவர் இருவருடைய நாக்கின் குற்றமாக இருக்க முடியாது. நம் அடுப்படியின் அளவுகளே மாறிவிட்டன.

இலக்கு என்ன? ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம். 72 கிலோ உள்ளவருக்கு மூன்றரை கிலோ சொச்சம். கேட்க அற்பமாகத் தோன்றும். ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி எல்லாவற்றிலும் அந்த அளவுக்கே பலன் தெரியும். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் சாப்பாட்டையும் நடையையும் மாற்றியதிலேயே நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக்கூட இறங்கவில்லை.

இனி கணக்கு. நாளுக்கு 300 முதல் 400 கலோரி குறைத்தால் போதும். அது எங்கே ஒளிந்திருக்கிறது?

முதல் இடம் எண்ணெய். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் செலவாவது இங்கே சர்வசாதாரணம். ஐந்து லிட்டர் எண்ணெயின் எடை 4,550 கிராம். நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு நாளுக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி. கடையில் சாப்பிடுவது இதில் சேராது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல், 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கே 27 கிராம்தான் சொல்கிறது. வழி எளிது. ஒரு 100 மில்லி பாட்டிலில் காலையில் எண்ணெயை ஊற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். நான்கு பேருக்கு நாள் முழுவதும் அவ்வளவுதான். மாதத்துக்கு மூன்று லிட்டர். ஆளுக்கு ஏறக்குறைய 23 கிராம். இதிலேயே தலைக்கு 135 கலோரி குறைந்துவிட்டது. கேனிலிருந்து நேராகச் சட்டியில் கவிழ்க்கும் பழக்கம் நின்றால் மற்றது தானாக நடக்கும். குழிக்கரண்டியையும் எண்ணெய்த் தூக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டுக் குழிக்கரண்டி ஒன்றில் 30 மில்லிக்கு மேல் பிடிக்கும். அளப்பதற்கு அது ஆகாது. ஒரு டீஸ்பூன் என்றால் 5 மில்லி, 40 கலோரி. ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் 15 மில்லி, 120 கலோரி.

எண்ணெய் குறைத்தால் பொரியல் அடிப்பிடிக்கிறது, ருசிக்கவில்லை என்று இரண்டாம் நாளே பழைய அளவுக்குப் போய்விடுபவர்கள் அதிகம். அடிப்பிடிப்பதற்குக் காரணம் எண்ணெய்ப் பற்றாக்குறை இல்லை. மெல்லிய அலுமினியச் சட்டியும், சட்டி காயும் முன்பே காயைப் போடுவதும்தான். கனமான இருப்புச்சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு டீஸ்பூன் எண்ணெய், கடுகு வெடித்ததும் காய், உப்பு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி. ஐந்தாறு நிமிடத்தில் காய் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். கடைசி இரண்டு நிமிடம் மூடியைத் திறந்து சுண்ட விட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் ருசி ஏறும். கத்தரிக்காய்க்கு மட்டும் இது போதாது. அதன் சதை பஞ்சு மாதிரி. ஊற்ற ஊற்றக் குடிக்கும். நறுக்கி உப்புப் பிசறி, இட்லிச் சட்டியில் ஆறேழு நிமிடம் ஆவியில் வேகவைத்துவிட்டால் பஞ்சு அமுங்கிவிடும். பிறகு தாளித்து மசாலாவில் புரட்டினால் நான்கு பேருக்கு மூன்று டீஸ்பூனில் முடியும்.

செக்கு எண்ணெய் எவ்வளவும் சேர்க்கலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் சீனியும் கிராமுக்கு 4 கலோரியை ஒட்டித்தான் வரும். குதிரைவாலியும் சாமையும் நல்ல தானியங்கள். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்துக்கும் ஏற்றவை. வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் எடைக்கு எடை அரிசியை ஒட்டிய கலோரிதான் அவற்றிலும் இருக்கிறது. அரிசியில் ஒரு தட்டுச் சாப்பிட்டவர் குதிரைவாலியில் இரண்டு தட்டுச் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

இட்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் மேல் வீண்பழி விழுகிறது. 50 கிராம் இட்லி ஒன்று 60 கலோரிக்கு மிகாது. நான்கு இட்லி 240. அந்த நான்கு இட்லிக்குப் பொடியைத் தட்டில் போட்டு, நடுவில் குழி செய்து, இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றினால் அந்த எண்ணெய் மட்டுமே இன்னொரு 240 கலோரி. தட்டில் நான்கு இட்லி, வயிற்றுக்குள் எட்டு. பொடிக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயும் இரண்டு டீஸ்பூன் கெட்டித் தயிரும் விட்டுக் குழைத்துப் பாருங்கள். தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி போதும். தக்காளி, புதினா, மல்லிச் சட்னிகளைத் தாராளமாக எடுக்கலாம், தாளிப்பில் எண்ணெய் மிதக்காத வரை. சாம்பாரை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிட்டால் மூன்று இட்லியே நிறைவாக இருக்கும்.

இரண்டாவது இடம் டீ. நாளுக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு டீஸ்பூன் சீனி என்றால் 40 கிராம் சீனி. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமைத் தாண்டக் கூடாது என்பது பொது வரம்பு; டீயிலேயே அது தாண்டிவிடுகிறது. ஒரே நாளில் சீனியில்லா டீக்கு மாறினால் மூன்றாம் நாள் நாக்கு சண்டை போடும். வாரத்துக்குக் கால் டீஸ்பூன் குறையுங்கள். ஒரு மாதத்தில் பாதிக்கு வந்துவிடலாம், நாக்கும் பழகியிருக்கும். நாளுக்கு 80 கலோரி மிச்சம். கடையில் 'சீனி கம்மி' என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டீயோடு வரும் உளுந்த வடை 120 முதல் 150 கலோரி. தினமும் வேண்டாம், ஆசைப்பட்ட நாளில் ஒன்று.

மூன்றாவது சோறு. இதில்தான் ஆளுக்கு ஆள் பயமுறுத்துகிறார்கள். வேகவைக்கும் முன் ஓர் ஆழாக்கு அரிசி ஏறக்குறைய 140 கிராம் நிற்கும், 490 கலோரி. வடித்தால் 400 கிராமுக்கு மேல் சோறு. நாளுக்கு ஒன்றரை ஆழாக்குச் சாப்பிடுகிறவர் 150 கிராமுக்கு, அதாவது ஓர் ஆழாக்குச் சொச்சத்துக்கு, வந்தால் 210 கலோரி குறையும். இட்லி, தோசைக்குப் போகும் அரிசியும் இதற்குள் சேர்த்தி. பாதியாக ஒரே நாளில் வெட்டாதீர்கள். நான்கு மணிக்கே வயிறு கிள்ளும், காராச்சேவு டப்பா திறக்கும். வாரத்துக்கு ஒரு கைப்பிடி என்று மூன்று வாரத்தில் இறங்குங்கள். வாங்கி வைத்த சமையல் தராசில் ஒருமுறை உங்கள் வீட்டுக் கரண்டிக்குச் சோறு எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்த்துவிட்டால் பிறகு கண்ணே அளந்துகொள்ளும். மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு தடவை, வத்தக்குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று நான்கு முறை சோறு வாங்குவது நம் வழக்கம். குழம்புக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டு, ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்துவிடலாம். எதுவும் தட்டிலிருந்து காணாமல் போகவில்லை.

சோறு குறைந்த இடத்தில் என்ன வைப்பது என்று சொல்லாமல் சோற்றைக் குறைக்கச் சொல்வது வெறும் பட்டினி. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ கறியோ. இங்கே வெஞ்சனம் என்றால் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி என்று ஆகிவிட்டது. அது அள்ளிச் சாப்பிடும் அளவுக்கு வர வேண்டும். ஒருவருக்கு நாளுக்குக் காயும் கீரையுமாக 400 கிராம். நான்கு பேருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல். சந்தைக்குப் போகும் பையின் அளவே மாற வேண்டிய விஷயம் இது. புடலை, சுரை, பீர்க்கு, அவரை, வெண்டை, முட்டைக்கோஸ், தண்டுக்கீரை, முருங்கைக்கீரை எல்லாம் இதில் அடக்கம். உருளையும் சேனையும் கருணையும் சோற்றுக் கணக்கில் வரும். சாப்பிடத் தொடங்கும்போது காயைப் பாதி முடித்துவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். பசி முதலில் காயின் மேல் பாயும்.

அடுத்தது புரதம். எடை குறையும்போது தசை கரையாமல் காக்கவும், மாலைவரை பசி தாங்கவும் இதுதான் வேண்டும். எடை கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்தால் 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராம். புரதப் பொடி எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு முட்டையில் 12 கிராம், 40 கிராம் பருப்பில் 9, சுண்டலுக்கு ஊறவைக்கும் 50 கிராம் பயறில் 11, 200 மில்லி பாலில் 6, ஒரு கிண்ணம் தயிரில் 6, நாள் முழுவதும் சேரும் 150 கிராம் அரிசியில் 12, 20 கிராம் வேர்க்கடலையில் 5. கூட்டினால் 61. கறி எடுக்கும் நாளில் 100 கிராம் கோழியோ மீனோ 20 கிராம் தந்துவிடும். அயிரை மீன் குழம்பு வைப்பவர்கள் இன்னும் தாராளமாக மீனை எடுத்துக்கொண்டு குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயை மட்டும் கரண்டியால் ஒதுக்கலாம். பல வீடுகளில் கோளாறு சாம்பாரில் இருக்கிறது. நான்கு பேருக்கு ஒரு பிடி, 60 கிராம் பருப்பு வேகவைத்தால் ஆளுக்கு 15 கிராம். அதில் புரதம் மூன்றரை கிராம்தான். 'தினமும் சாம்பார் சாப்பிடுறேன், புரதம் போதும்' என்று நினைப்பவர்கள் பருப்பை நிறுத்துப் பார்க்க வேண்டும். சுண்டல் வாயுத் தொல்லை தருகிறது என்றால் எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு டேபிள்ஸ்பூனில் ஆரம்பித்துக் கூட்டுங்கள், குடல் பழகிக்கொள்ளும்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். எண்ணெயில் 135, டீயில் 80, சோற்றில் 210. காயும் பயறும் கூடுதலாகச் சேர்வதில் ஒரு 75 ஏறும். நிகரமாக நாளுக்கு 350, வாரத்துக்கு 2,450 கலோரி மிச்சம். புரோட்டாவுக்கு இடம் கிடைப்பது இந்த வாரக் கணக்கில்தான். வாரத்தில் இரண்டு வேளை உங்கள் வழக்கமான அளவைவிட 300 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டாலும் 1,850 மிச்சம் நிற்கிறது. அது கால் கிலோ கொழுப்புக்கு ஒப்பானது. காகிதத்தில் ஆறு மாதத்துக்கு ஆறு கிலோ வரும். உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறையும், அளவும் அங்கங்கே வழுக்கும் என்பதால் நான்கு கிலோ என்று எதிர்பார்ப்பது நியாயம். இலக்கு மூன்றரைதான்.

வாரத்தில் 21 வேளை. அதில் 18, 19 வேளை வீட்டு அளவில் நடந்தால் மிச்சம் இரண்டு மூன்று வேளைக்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம். அளவு மட்டும் வேண்டும். கடைப் புரோட்டா ஒன்று அளவைப் பொறுத்து 250 முதல் 300 கலோரி. இரண்டு புரோட்டா, கூட ஓர் ஆம்லெட் அல்லது ஒரு தட்டு சுக்கா, நிறைய வெங்காயம். சால்னாவைப் புரோட்டா முழுகும்படி ஊற்றாமல் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். மேலே நிற்கும் எண்ணெய்தான் கடைக்காரர் கரண்டியில் முதலில் ஏறுகிறது. பன் புரோட்டா என்றால் ஒன்று. கறிதோசை சாப்பிடும் நாளில் அதுவே சாப்பாடு. அதற்கு முன்னால் இட்லி வேண்டாம். ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பால், சீனி, சர்பத், மேலே ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கிளாஸ் 300 கலோரியைச் சுலபமாகத் தாண்டும். சின்ன கிளாஸாக வாங்குங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று இல்லாமல் நான்கு மணிப் பலகாரத்துக்குப் பதிலாக அது இருக்கட்டும். தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். 70 கிலோ உள்ளவருக்கு ஒரு கிலோமீட்டர் நடையில் 50 கலோரி அளவில்தான் செலவாகும். ஒரு ஜிகர்தண்டாவுக்கு ஐந்து சுற்று. நடை அவசியம், இறங்கிய எடை திரும்ப ஏறாமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நடந்து முடித்த கையோடு கரையிலேயே பஜ்ஜி வாங்கினால் நடந்ததும் தின்றதும் சரியாகிவிடும்.

கிடா விருந்துக்கு இதே கணக்கு. கறித் துண்டைக் கண்டு பயப்பட வேண்டாம். சோற்றை ஒரு தடவையோடு நிறுத்தினால் போதும். விருந்துக்கு மறுநாள் தராசு ஒன்றரை கிலோ கூடக் காட்டலாம். அது உப்பும் தண்ணீரும் குடலில் இருக்கும் உணவும். மூன்று நாளில் இறங்கும். அதைப் பார்த்துப் பதறி மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். பட்டினி கிடந்தவருக்கு அன்று ராத்திரி அடுத்த விருந்து தொடங்கிவிடும். மறுநாள் காலை வழக்கமான மூன்று இட்லிக்குத் திரும்புவதுதான் சரி. விரத நாள்கள் தனி. ஒருவேளை சாப்பிடாமல் இருந்து இன்னொரு வேளையில் நெய்ப் பொங்கலும் வடையும் பாயசமும் சேர்ந்தால் சாதாரண நாளைவிட அன்றைக்குக் கூடத்தான் வரும்.

ராத்திரி பதினொரு மணிக்குக் கடை அடைத்துவிட்டு வரும் வியாபாரிகளுக்கும், மாட்டுத்தாவணி, பூ மார்க்கெட் பக்கம் விடிய விடிய வேலை செய்பவர்களுக்கும் 'ஏழு மணிக்குள் சாப்பிடு' என்ற அறிவுரை உதவாது. ஏழு, ஏழரைக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ உள்ளே போனால், பதினொரு மணிக்கு நான்கு புரோட்டா கேட்கும் பசி இரண்டு இட்லியோடு அடங்கும்.

எடை பார்ப்பதற்கு வாரம் ஒருமுறை போதும். ஒரே கிழமை, காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி ஒன்று, ஒன்றரை கிலோ தண்ணீர் ஏறி இறங்கும். போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். இடுப்பளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நான்கு வாரமாக இரண்டுமே அசையவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. எண்ணெய் பாட்டில் நாளுக்கு இருமுறை நிரம்புகிறதா, சோற்றுக் கரண்டி குவியலாகிவிட்டதா, பிள்ளைகள் தட்டில் மீந்தது யார் வயிற்றுக்குப் போகிறது. வீணாகக் கூடாது என்று அடுப்படியில் நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்ளும் அந்த நான்கு வாய் நெய்ச்சோறும், உப்புப் பார்க்கும் குழம்பும், டப்பா மூடும் முன் எடுக்கும் ஒரு பிடி மிக்சரும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. குடும்பம் முழுவதற்கும் சமைக்கும் பெண்களுக்கு எடை நிற்காமல் இருப்பதற்கு இது பெரிய காரணம். பிள்ளைகளுக்கு முதலிலேயே குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி வைப்பதே தீர்வு. அம்மாவின் வயிறு குப்பைத்தொட்டி இல்லை என்பதை வீட்டில் எல்லோரும் உணர வேண்டும்.

ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் அச்சிடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன புரத அளவு பொருந்தாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைக்கும் நேரம் இதுவல்ல. எடை இறங்க வெங்காரம் (போராக்ஸ்) சாப்பிடு, அந்தச் சூரணம் சாப்பிடு என்று செல்பேசியில் ஓடும் காணொலிகளை யாரும் நம்ப வேண்டாம். வெங்காரம் நஞ்சு, உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்ட பொருள். கல்லூரிக்குப் போகும் வயதில் உள்ள பிள்ளைகளே இவற்றை அதிகம் பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் நாளிதழைத்தான் வாசிக்கிறார்கள்.

ஆகவே தங்களிடம் எங்கள் வேண்டுகோள்: சமையல் குறிப்பில் எண்ணெய், தேங்காய், சீனி மூன்றையும் ஸ்பூன் கணக்கில், எத்தனை பேருக்கு என்பதோடு அச்சிடுங்கள். ஆசிரியர் குழு குறிப்பு அனுப்புபவர்களிடம் அளவு கேட்டு வாங்கினாலே போதும். மாதிரிக்கு ஒன்று தருகிறோம்.

புடலங்காய்க் கூட்டு, நான்கு பேருக்கு: புடலங்காய் 600 கிராம், பாசிப்பருப்பு 60 கிராம், சின்ன வெங்காயம் 50 கிராம், தேங்காய்த் துருவல் 2 டேபிள்ஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், பச்சை மிளகாய் 2, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், கறிவேப்பிலை சிறிது, எண்ணெய் 2 டீஸ்பூன். பருப்பை முக்கால் பதத்தில் வேகவைத்து, நறுக்கிய காய், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து மூடி எட்டு நிமிடம். காய் தண்ணீர் விடும் என்பதால் கூடுதல் தண்ணீர் வேண்டாம். விட்டால் கூட்டு சாறாகிவிடும். தேங்காய், சீரகம், மிளகாயை அரைத்துச் சேர்த்து ஒரே ஒரு கொதி. வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் எண்ணெயில் தாளித்துக் கொட்டி இறக்கவும். ஒருவருக்கு 125 கலோரி, புரதம் 4 முதல் 5 கிராம்.

வரும் ஞாயிறு இணைப்பிலிருந்தே இப்படி அச்சிட முடியும் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள் சிலர்,
மதுரை.